கடற்கண்ணாடியில் சிற்பம்

சிற்பம் கற்க வருகிறவர் கையில் முதலில் மாக்கல்லையோ மென்மரத்தையோதான் கொடுப்பார்கள். உளி எளிதாக இறங்கும். கை தவறினாலும் ஒரு மூலைதான் போகும், முழுக்கல்லும் போகாது. கண்ணாடியை யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினால் மிஞ்சுவது சில்லுகள்தான். ஆனாலும் கடற்கரையில் ஒதுங்கும் பழைய புட்டித் துண்டுகளை எடுத்து, மீன், ஆமை, ஆந்தை, சங்கு என்று சின்னஞ்சிறு சிற்பங்களைச் செய்கிற ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது. பார்ப்பவருக்கு உடனே எழுவது இரண்டு கேள்விகள். இது உடையாமல் எப்படி வந்தது? இதற்கு எவ்வளவு பெரிய பட்டறை தேவைப்பட்டிருக்கும்? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. கண்ணாடியின் உடையும் தன்மை இந்தக் கலைக்குத் தடை என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தத் தன்மையை நம்பித்தான் இந்தக் கலையே நடக்கிறது. ஒருமுறை பெரிதாக உடைய விடாமல், கண்ணுக்குத் தெரியாத அளவில் எண்ணற்ற முறை உடைய வைப்பதுதான் வேலை. கடல் இதே வேலையைப் பல பத்தாண்டுகள் செய்திருக்கிறது. செதுக்குபவர் அதைத் தொடர்கிறார்.

கடற்கண்ணாடி கடலில் விளைவதில்லை. நாம் செய்து, பயன்படுத்தி, எறிந்த புட்டி, ஜாடி, விளக்குச் சிம்னி ஆகியவற்றின் உடைசல் அது. பெரும்பாலும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி: நூற்றுக்கு 70 பங்குக்குச் சற்று மேல் சிலிக்கா, 12 முதல் 16 பங்கு வரை சோடா, மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. மணலை மட்டும் உருக்குவதென்றால் 1,700 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சோடா சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகும். ஆனால் அப்படிச் செய்த கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். அந்தத் தடுப்பும் முழுமையானதில்லை. ஆண்டுக்கணக்கில் கடல்நீரில் கிடக்கும் துண்டின் மேற்பரப்பிலிருந்து சோடியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேற, அந்த இடத்தில் நீரின் ஹைட்ரஜன் புகுகிறது. இது வேதியியல் பக்கம். இன்னொரு பக்கம், அலை அதைக் கூழாங்கற்களோடு சேர்த்து உருட்டுகிறது. ஒவ்வொரு மோதலும் பிறை வடிவில் ஒரு நுண்ணிய வடுவை விட்டுச் செல்கிறது. சில பத்தாண்டுகளில் கூரிய விளிம்புகள் உருண்டு, மேற்பரப்பு முழுக்க மங்கலான வெண்தோல் போர்த்திக்கொள்கிறது.

கடல் இருக்கும் இடமெல்லாம் இது கிடைத்துவிடாது. ஏராளமான உடைசல், கல்லும் சரளையும் கலந்த கரை, ஓயாத அலை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்த இடங்களில் புகழ்பெற்றது வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் கடற்கரையில் உள்ள சீயம் நகரம். ஜான் கேண்டிலிஷ் என்பவர் 1853-ல் அங்கே தொடங்கிய லண்டன்டெரி புட்டித் தொழிற்சாலை 1921 வரை நடந்தது. அன்றாடம் மிஞ்சிய கண்ணாடிக் குழம்பும் உடைசலும் நேராகக் கடலுக்குப் போயின. ஆலை மூடி நூறாண்டு கழிந்த பிறகும் அலை அவற்றைக் கரையில் போட்டுக்கொண்டிருக்கிறது. வெவ்வேறு நிறக் குழம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஊற்றப்பட்டு உறைந்ததால், ஒரே துண்டில் இரண்டு மூன்று நிறங்கள் அடுக்காக ஓடும் கண்ணாடி அங்கே கிடைக்கும். கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் நகரில் கதை வேறு. 1906 முதல் 1967 வரை ஊர்க்குப்பையை நேரே கடலோரப் பாறைகளில் கொட்டினார்கள். இன்று அந்த இடத்துக்கே கண்ணாடிக் கடற்கரை என்று பெயர், சுற்றுலாப் பயணிகள் வரிசை கட்டுகிறார்கள். ஓர் ஊரின் பொறுப்பின்மை அதே ஊரின் பெருமையாக மாற அறுபது ஆண்டுகள் போதுமாக இருந்திருக்கிறது.

இப்போது கண்ணாடியின் உள்ளே போவோம். மரத்துக்கு இழையோட்டம் உண்டு. பல கற்களுக்குப் படிவமும் பிளவுத்தளமும் உண்டு. சிற்பி அதைப் பார்த்துத்தான் உளியின் கோணத்தை முடிவு செய்கிறார். கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அமையாததால் அப்படி எந்தத் திசையும் இல்லை. விசை எங்கே இட்டுச் செல்கிறதோ அங்கே விரிசல் போகும். கிளிஞ்சலின் உட்புறம் மாதிரி வளைந்த வழவழப்பான முறிவு உண்டாகும். இந்த விரிசலைக் கையால் அடக்கி ஆள முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளான யாஹி இனத்தின் கடைசி மனிதராக அறியப்பட்ட இஷி, 1911 முதல் 1916-ல் இறக்கும்வரை சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். பார்வையாளர்கள் கண்ணெதிரே புட்டிக் கண்ணாடியின் விளிம்பை அழுத்தி அழுத்திச் சில்லெடுத்து, ஒழுங்கான அம்புமுனைகளைச் செய்து காட்டினார். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதிப் பூர்வகுடிகளும் குடியேறிகள் எறிந்த புட்டிகளிலிருந்து ஈட்டிமுனைகளை இப்படிச் செய்தார்கள். கண்ணாடி முரட்டுத்தனமாக உடைவது அதன் குணமில்லை என்பதை அந்த முனைகளே சொல்லும். முரட்டுத்தனம் தட்டுகிறவர் கையில் இருக்கிறது.

ஏன் இப்படி என்பதை விளக்கியவர் ஆலன் ஆர்னல்ட் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஃபார்ன்பரோவில் விமான ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். அணுக்களுக்கிடையே உள்ள பிணைப்பைக் கணக்கிட்டால் கண்ணாடி மிக வலிமையாக இருக்க வேண்டும். நடைமுறையிலோ அதில் ஒரு சிறு பங்கு விசைக்கே உடைந்துவிடுகிறது. மெல்லிய கண்ணாடி இழைகளை இழுத்துச் சோதித்த கிரிஃபித், இழை மெலிய மெலிய அதன் வலிமை கூடுவதைக் கண்டார். கண்ணாடியின் பரப்பில் ஏற்கெனவே இருக்கும் நுண்விரிசல்களே குற்றவாளி என்ற அவருடைய கட்டுரை 1921-ல் வெளிவந்தது. துணிக்கடையில் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்துவிட்டு மீதியைக் கையால் கிழிப்பார்களே, அந்த வெட்டு செய்யும் வேலையைத்தான் கண்ணாடியில் நுண்விரிசல் செய்கிறது. துணி முழுவதும் தாங்க வேண்டிய இழுப்பு அந்த ஒரு முனையில் குவிகிறது. விரிசல் நீளமாக இருந்தால் குறைந்த விசையிலேயே ஓடும். குட்டையாக இருந்தால் அதை ஓட வைக்க நிறைய விசை வேண்டும். கண்ணாடிச் சிற்பியின் விதிகள் எல்லாமே இந்த ஒரு வரியிலிருந்து வருபவை. எந்த நிலையிலும் விரிசலின் நீளத்தைச் சிறிதாக வைத்திரு, அவ்வளவுதான்.

தேய்க்கும்போது நடப்பது இது. கண்ணாடியின் கடினம் மோஸ் அளவுகோலில் சுமார் 5.5. குவார்ட்ஸ் மணலுக்கு 7, கார்பரண்டம் எனப்படும் சிலிக்கன் கார்பைடுக்கு 9-க்கு மேல், வைரத்துக்கு 10. இந்தத் துகள்களில் ஒன்று கண்ணாடியில் அழுந்தி நகரும்போது, அதன் அடியில் இரண்டு வகை விரிசல்கள் பிறக்கின்றன. ஒரு வகை பக்கவாட்டில் பரவி மேலே திரும்பிப் பரப்பை எட்டும்; அப்போது ஒரு நுண்சில்லு பெயர்ந்து வரும். நாம் கண்ணாடித் தூள் என்று துடைப்பது இந்தச் சில்லுகளின் கூட்டத்தைத்தான். இன்னொரு வகை நேராகக் கீழே இறங்கி உள்ளேயே தங்கிவிடும். துகள் எவ்வளவு பெரியதோ அவ்வளவு ஆழத்துக்கு அந்த மிச்சக் காயம் இருக்கும். 220 எண் தேய்ப்புத் தாளின் துகள் ஏறத்தாழ 65 மைக்ரான். 1200 எண் தாளில் 15 மைக்ரான். ஒவ்வொரு கட்டமும் முந்திய கட்டம் உள்ளே விட்ட காயத்தைத் தேய்த்து எடுக்கத்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பொறுமையிழந்து இரண்டு எண்களைத் தாண்டிக் குதிப்பார்கள். பரப்பு பார்க்க வழவழப்பாகிவிடும், உள்ளே இறங்கிய விரிசல்கள் அப்படியே இருக்கும். பிறகு மெருகேற்றும்போது எங்கிருந்தோ வெண்புள்ளிகள் கிளம்பிக் கண்ணை உறுத்தும். கடைசி மெருகுக்குப் பயன்படும் சீரியம் ஆக்சைடு மட்டும் வேறு ரகம். அது வெறுமனே கீறுவதில்லை. தண்ணீரின் துணையோடு சிலிக்காவுடன் வேதிவினை புரிந்து பரப்பைச் சமப்படுத்துகிறது.

இதெல்லாம் நவீனக் கருவிகள் வந்த பிறகு கண்டுபிடித்த வித்தையில்லை. சீனாவில் ஜேட் கல் செதுக்கியவர்கள் உளியை நம்பியவர்களல்லர். மணலையும் அதைவிடக் கடினமான கற்பொடிகளையும் நீரில் குழைத்துத் தேய்த்தே பல ஆயிரம் ஆண்டுகள் வேலை செய்தார்கள். திருச்சி வட்டாரத்தில் குடிசைத் தொழிலாக வளர்ந்த செயற்கை வைரப் பட்டை தீட்டலும் அடிப்படையில் இதுதான். கண்ணாடியில் இதன் உச்சம் ரோமானியர்கள் காலத்தில் எட்டப்பட்டது. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள போர்ட்லேண்ட் ஜாடி சுமார் இரண்டாயிரம் ஆண்டு பழையது. கருநீலக் கண்ணாடிமேல் வெள்ளைக் கண்ணாடியைப் போர்த்தி, வெள்ளையை மட்டும் தேய்த்து எடுத்து மனித உருவங்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். 1845-ல் ஒரு குடிகாரர் அதை உடைத்தார். துண்டுகளை ஒட்டி மீட்டார்கள். ஜான் நார்த்வுட் என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் அதன் நகல் ஒன்றைப் பல ஆண்டு உழைத்து 1876-ல் முடித்தார். அந்த வேலையின் நடுவிலேயே கண்ணாடியில் விரிசல் விழுந்ததும் வரலாறு. அதாவது, கை எவ்வளவு தேர்ந்திருந்தாலும் இந்தப் பொருள் முழு உத்தரவாதம் எதையும் தருவதில்லை.

அப்படியானால் நல்ல புட்டி ஒன்றை உடைத்துச் செதுக்குவதைவிடக் கடற்கண்ணாடி எந்த வகையில் மேல்? மேல் என்றுதான் நினைக்கிறேன். புட்டி செய்து முடித்ததும் அதை மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அவசரமாக ஆறினால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். அப்படிப்பட்ட கண்ணாடியும், பெரிய விரிசல் உள்ள கண்ணாடியும் பாறைமேல் ஆயிரக்கணக்கான முறை மோதும்போது தப்புவது அரிது. தப்பிக் கரை சேர்ந்தது ஒரு தேர்வில் தேறியது என்று கொள்ளலாம். இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: கிரிஃபித் சொன்ன நுண்விரிசல்கள் கடற்கண்ணாடியின் தோல் முழுவதும் நிறைந்திருக்கின்றனவே, அது புதுக் கண்ணாடியைவிடப் பலவீனமானதாயிற்றே என்று. சரியான மறுப்புத்தான். ஆனால் அந்த விரிசல்கள் ஆழமற்றவை, செதுக்கத் தொடங்கியதும் முதலில் போவது அந்தத் தோல்தான். சிற்பத்தைக் கொல்லக்கூடியது ஆழமான ஒற்றை விரிசல். கூரிய விளிம்பு இல்லாததும் ஓர் அனுகூலம். ஓரம் பொரிவது பெரும்பாலும் கூர்விளிம்பில்தான் தொடங்கும். ஆனாலும் கடலின் தேர்வை மட்டும் நம்பிவிடக் கூடாது. துண்டை நனைத்து, விளக்குக்கு எதிரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும் தகடு ஏதாவது தெரிந்தால் அது விரிசல். அந்தத் துண்டை ஒதுக்கிவிடுவது உத்தமம். குமிழிகள் இருந்தால் கவலையில்லை, அவை பழைய கண்ணாடியின் அடையாளம்.

கருவிக்கு வருவோம். வைரத்தூள் பதித்த சிறு பிட்டுகளைச் சுழற்றும் ரோட்டரி டூல் இருந்தால் வேலை விரையும். இல்லாவிட்டால் வைரத்தூள் பூசிய ஊசி அரங்களும், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கார்பரண்டம் தாள்களும் போதும், நேரம்தான் கூடுதலாகும். எதுவானாலும் தண்ணீர் இல்லாமல் தொடக் கூடாது. கண்ணாடி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். பிட் உரசும் இடத்துச் சூடு அங்கேயே தேங்கி, அந்த இடம் மட்டும் விரிந்து, பக்கத்தில் விரியாத பகுதியோடு மல்லுக்கு நிற்கும். அதோடு நிக்கல் பூச்சில் ஒட்டியிருக்கும் வைரத்துகள்கள் உதிர்ந்து, பிட் சீக்கிரமே வெறும் கம்பியாகிவிடும். தண்ணீரைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் ஓர் ஐயத்தைக் கிளப்புவதுண்டு. இழுவிசையில் இருக்கும் கண்ணாடியின் விரிசல் முனையில் நீர் மூலக்கூறு புகுந்து சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பை அறுக்கும், எனவே நீர் விரிசலை வளர்க்குமே என்பார்கள். உண்மைதான், இது நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆனால் காற்றில் உள்ள ஈரமே அந்தக் கெடுதலைச் செய்யப் போதுமானது. தண்ணீரை விலக்கி நாம் தப்பப் போவதில்லை, சூட்டையும் தூசியையும்தான் சேர்த்துக்கொள்வோம். செய்யக்கூடியது அழுத்தத்தைக் குறைப்பது. பிட்டின் பாரமே வேலை செய்யட்டும். மின்கருவி என்றால் தண்ணீர்த் தட்டுக்குள் மோட்டார் போகாதபடி வளையும் தண்டு மாட்டியோ பேட்டரியில் ஓடுவதையோ பயன்படுத்துவது கட்டாயம்.

இவ்வளவு பாடு எதற்கு, உருக்கி அச்சில் ஊற்றினால் என்ன என்று கேட்கலாம். புதுக் கண்ணாடிக்கு அது நல்ல வழி. கடற்கண்ணாடிக்கு அது பொருந்தாது, காரணம் எளிமையானது. ஒவ்வொரு துண்டும் ஒவ்வோர் ஆலையில், ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு கலவையில் பிறந்தது. இரண்டு துண்டுகளை உருக்கி ஒட்டினால் ஆறும்போது அவை வெவ்வேறு அளவில் சுருங்கும். ஒட்டிய இடம் அன்றோ சில நாளிலோ பிளந்துபோகும். ஒற்றைத் துண்டை மட்டும் உலையில் இட்டாலும், கடல் பல பத்தாண்டுகளில் உண்டாக்கிய வெண்தோல் உருகி வழவழப்பாகி, சாதாரணப் புட்டித் துண்டாகத் திரும்பி வரும். குளிர்ந்த நிலையிலேயே தேய்ப்பதில்தான் கடலின் வேலைப்பாடும் மிஞ்சும், மனிதரின் வேலைப்பாடும் அதன்மேல் நிற்கும்.

அந்தத் தோலைக் குறை என்று நினைப்பவர்கள் இந்தக் கலையின் பாதிச் சுவையை இழக்கிறார்கள். காய்ந்த கடற்கண்ணாடி மங்கலாகத் தெரியும், நனைத்ததும் பளிச்சென்று தெளியும். பரப்பின் குழிகளில் காற்று இருக்கும்போது ஒளி நாலா பக்கமும் சிதறுகிறது. குழிகளில் நீர் நிறைந்ததும் சிதறல் குறைகிறது, ஏனெனில் நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கண்ணாடியினுடையது ஏறத்தாழ 1.5, காற்றைவிட நீர் கண்ணாடிக்கு அருகில் நிற்கிறது. செதுக்குபவருக்கு இது ஒரு தூரிகை. ஆமையின் ஓட்டில் கடலின் தோலை அப்படியே விட்டுக் கால்களை மெருகேற்றலாம்; மீனின் உடலை மங்கலாக விட்டுக் கண்ணை மட்டும் தெளியவிடலாம். இன்னொரு தூரிகை பருமன். நிறக் கண்ணாடியில் ஒளி கடக்கும் தூரம் கூடினால் நிறம் அடர்த்தியாகும், குறைந்தால் வெளிறும். ஆகவே ஒரே பச்சைத் துண்டில் ஆழத்தை மாற்றியே நாலைந்து பச்சைகளைக் கொண்டுவர முடியும். போர்ட்லேண்ட் ஜாடியில் வெள்ளையை மெலிதாக்கிக் கீழுள்ள நீலத்தைக் கசியவிட்டு நிழல் காட்டியிருப்பதும் இதே உத்தி. சீயம் கரையின் பலநிறத் துண்டுகள் கிடைத்தவர்களுக்கு அந்த உத்தியைச் சிறு அளவில் கையாள வாய்ப்பு உண்டு. எதைச் செதுக்கலாம் என்பதையும் விரிசல் கணக்கே தீர்மானிக்கிறது. உட்புறக் கூர்மூலைகளில் விசை குவியும் என்பதால் ஒவ்வொரு மடிப்பையும் சற்றே உருட்டிவிட வேண்டும். சுருண்டு கிடக்கும் பூனை நன்றாக வரும். நின்றுகொண்டிருக்கும் கொக்கு வராது. சாதாரணப் புட்டியின் சுவர் சில மில்லிமீட்டர்தான் இருக்கும், அடிப்பாகமே தடிமனாக இருக்கும். தொடங்குகிறவர்கள் புட்டியின் அடியையே தேடுவது நல்லது.

கடுமையான ஆட்சேபம் தூசியைப் பற்றியது. கண்ணாடி என்பது மணல், மணல் தூசி நுரையீரலைக் கெடுக்கும், வீட்டில் வைத்து இதைச் செய்யலாமா? சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்குவது படிக வடிவிலுள்ள சிலிக்கா. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணி தேய்க்கும் தொழிலாளர்களை அந்த நோய் வாட்டிவருவது நன்கு பதிவான துயரம். அகேட் நுண்படிகக் குவார்ட்ஸ். கண்ணாடியில் சிலிக்கா படிகமாக இல்லை, எனவே இரண்டையும் ஒன்றாக வைப்பது சரியில்லை. அதற்காக அச்சமே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. நுண்தூசி எதுவானாலும் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. பழைய கண்ணாடிகளில் ஈயம், ஆர்சனிக், காட்மியம் ஆகியவை இருக்க வாய்ப்புண்டு, கரையில் எடுத்த துண்டின் கலவையைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஈரத்தில் தேய்த்தால் தூசி சேறாகத் தங்கிவிடும். ஆனால் சுழலும் பிட் அந்தச் சேற்றையே நுண்திவலையாகத் தெறிக்கவிடும் என்பதால் என்95 முகக்கவசமும் கண் கவசமும் தேவை. சேறு காய்ந்தால் திரும்பத் தூசியாகும். ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட வேண்டும். அடுக்களைத் தொட்டியில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கடைசியாகச் சேகரிப்பாளர்களின் முறையீடு. அரை நூற்றாண்டு கடல் உழைத்து உண்டாக்கியதைச் சில மணி நேரத்தில் மாற்றுவது அழிப்பு என்பது அவர்கள் வாதம். அதில் பாதியை ஏற்கலாம். புட்டிகள் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டன, குப்பையைக் கடலில் கொட்டுவதும் சட்டப்படி பல இடங்களில் நின்றுவிட்டது. நல்ல கடற்கண்ணாடி இனி குறையும், கூடாது. கலிபோர்னியா கண்ணாடிக் கடற்கரையின் மாநிலப் பூங்காப் பகுதியில் துண்டுகளை எடுத்துச் செல்ல அனுமதியில்லை, அந்த விதியை மதிக்க வேண்டும். எழுத்தோ முத்திரையோ உள்ள துண்டு ஓர் ஆவணம். அதன்மேல் பிட் வைப்பது தவறு. ஆனால் உலகக் கரைகளில் பெருமளவு கிடைப்பவை வெள்ளை, பச்சை, பழுப்பு. அவற்றில் ஒன்று ஆமையாவதால் யாருக்கும் நட்டமில்லை. பயிற்சிக்கு அதுகூட வேண்டாம், கல் உருட்டும் டம்ளர் எந்திரத்தில் சாதாரணப் புட்டித் துண்டை உருட்டினாலே விளிம்பு மழுங்கிய சில்லு கிடைத்துவிடும். அதில் கடலின் பிறைவடு இராது என்பதால் விற்பவர் எவராவது அதைக் கடற்கண்ணாடி என்றால் நம்பாதீர்கள். சிவப்பு, செம்மஞ்சள் துண்டு கிடைத்தால் அதைச் செதுக்காமல் வைத்திருங்கள். சிவப்பு நிறத்துக்குத் தங்கமோ செலினியமோ சேர்ப்பது வழக்கம், செலினியச் சிவப்பில் காட்மியமும் இருக்கும். அரிய துண்டை இழந்து, நஞ்சுத் தூளையும் பெறுவது வீண் வேலை. புற ஊதா விளக்கில் பளீரென்று பச்சையாக ஒளிர்வது யுரேனியக் கண்ணாடி. அதையும் தேய்க்காமல் பெட்டியில் வையுங்கள்.